ஸ்டூடியோக்காரனுக்கு எழுதிய சீட்டுகள்

பெனடிக்டா மிஸ்ஸுக்குக் காது கேளாது.
சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி
மேசைக்கு மேலால் தள்ளிவிடுவா.
முதல் சீட்டு:
"இது கலியாணப் படம் இல்லை. அழகாக்க வேண்டாம்.
ஐந்து நிமிடம் மருந்தில். பிறகு நன்றாகக் கழுவவும்."

பகலில் நில அளவைக் கந்தோரில் கிளாக்கர்.
ஒரு முழ வரப்புக்கு வெட்டுப்பட்ட அண்ணன் தம்பிக்கு
பழைய வரைபடம் தேடிக் கொடுப்பவ.
இரவில் பார் வீதி மொட்டைமாடி,
ஒரு குழாய்,
குழாயின் வாயில் ஆப்பு மாதிரிச் சீவின கண்ணாடி.
பறுவத்தன்று ஊரே மீன்பாட்டுக் கேட்கக்
கல்லடிப் பாலத்தில் தோணி பார்த்து நிற்க
மிஸ் கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை.
"நிலா வந்தால் எனக்கு லீவு."

கழுவி எடுத்த தட்டில் நட்சத்திரம் இராது.
நகத்தால் கீறின மாதிரிச் சின்னக் கோடுகள்,
ஒவ்வொரு கோட்டிலும் மயிரிழை இடைவெளிகள்.
இதா மிஸ் வானம் எண்டு கேட்டன்.
உதட்டைப் பார்த்து விளங்கி எழுதினா:
"வெளிச்சம் எங்கே தடைப்பட்டது என்பதைத்தான்
படிக்க வேண்டும்."

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்.
அரிச்சுவடி பிழைச்ச பிள்ளை எழுதின மாதிரி
தட்டின் ஓரமெல்லாம் எழுத்து.
"முன்பு ஒழுங்கான அகரவரிசைதான்.
பிறகு ஒருத்தி வெப்பப்படி மாற்றி அடுக்கினாள்.
மிஞ்சிய எழுத்துகளை எறிந்தாள்.
அவளுக்கும் காது கேளாது."
கடைசி வரியை வெட்டியிருந்தா.
வெட்டினாலும் வாசிக்கலாம்.

என் தங்கச்சி கோசலை கேட்டை நட்சத்திரம்.
நாலு சம்பந்தம் அதிலேயே தட்டிப்போச்சு.
வெட்கத்தை விட்டுக் கேட்டன்.
"கேட்டை: எம் வகை. சிவப்பு. மிகப் பெரியது,
சூரியனைவிடக் குளிர்ந்தது.
யாருக்கும் கேடு செய்ததாகக் குறிப்பு இல்லை."
தரகரிட்ட காட்டினன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில சீல் இல்லையே, தம்பி."

மறுகா தொண்ணூறு.
கரண்ட் போச்சு, ஊரடங்கு,
வாவித் தண்ணி மட்டும் இறங்கி வந்து நிண்டது வானம்.
அப்பிடியொரு இருட்டு
மிஸ்ஸுக்கு அதுக்கு முதல் வாய்க்கேல்ல;
அதுக்காகச் சந்தோசப்பட்டாவா எண்டு
நான் கேட்கேல்ல.
ஒரு தட்டு முழுக்க வெள்ளையாப் புகைச்சு வந்தது.
பரா லைட்.
ஓரத்தில் பென்சிலால்:
"மனிதர் ஏற்றியது. வகை இல்லை."

குழாயைக் கண்டவங்கள் மோட்டார் எண்டாங்கள்.
ஏத்திக்கொண்டு போனாங்கள்.
ரசீது கேட்டு மிஸ் நீட்டின சீட்டு
மடங்கினபடி மிஸ்ஸின் கையிலேயே திரும்பினது.
அடுத்த நாள் கடைக்கு வந்து, இருந்து, எழுதினா:
"பெட்டியில் அறுநூறு தட்டு இருக்கிறது.
வானம் இல்லாமலே பத்து வருட வேலை."

அப்பதான் என் மற்றப் பெட்டியைக் கண்டா.
அடையாள அட்டைக்குப் படம் எடுத்து
எடுக்க வராத ஆக்களின் கவர்கள்.
திகதிப்படி அடுக்கியிருந்தன்.
பிறகு திகதியும் குழம்பிப் போச்சு.
"இதை நான் பார்க்கலாமா?"

ஒன்பது நாள்.
தட்டுப் பார்க்கிற அதே பூதக்கண்ணாடி.
பேர் தெரியாத கவர்களின் மேல்
கோடு கோடாக அந்தச் சின்ன எழுத்து:
இடப் புருவத்தில் தழும்பு.
மேற்பல் ஒன்று உள்ளே தள்ளியது.
சேட்டின் இரண்டாம் பொத்தான் வேறு நிறம்;
நூலும் வேறு.
வலக் காது சற்று மடங்கியது.

சித்தாண்டியிலிருந்து வந்த ஒரு மனுசி
படத்தைப் பார்க்கவில்லை.
பொத்தான் எண்டு வாசிச்சுச் சொன்ன உடனே
"நான்தான்கா தைச்சன்" எண்டா.

மிஸ் இப்ப இல்ல.
கவர்களும் முக்காவாசி போயிற்றுது.
ஒண்டு மட்டும் லாச்சியில் கிடக்கு.
மழை ஈரத்தில் ஒட்டிப்போய்
முகம் இருந்த இடம் வெறும் வெள்ளை.
மேலே அவவின் பென்சில்:
"இப்போது வகைப்படுத்த முடியாது.
எறிய வேண்டாம்."